டர்போ மாற்றிய பிறகு வண்டி சரியில்லையா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

"பெரிய டர்போ போட்டேன்ணா, இருந்த பிக்கப்பும் போயிடுச்சு." தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மூலக்கடைப் பக்கமிருந்து வரும் டியூன் செய்த (சக்திக்காக எஞ்சின் கணினி அமைப்பை மாற்றிய) வண்டிகளில் நான் அதிகம் கேட்கும் வாசகம் இதுதான். லீனியா டி-ஜெட், போலோ, ஆக்டேவியா, ஸ்விஃப்ட் டீசல் என்று வண்டி மாறும், புகார் மாறாது. அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "இன்னும் பெரிய டர்போ போட்டா சரியாகுமா?"

பெரும்பாலும் ஆகாது. டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையால் டர்பைன் சுழல, அதே தண்டில் இருக்கும் கம்ப்ரசர் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. அந்த அழுத்தம்தான் பூஸ்ட், அதை அளப்பது பாரில். இப்படி வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் டர்போவில் கோளாறே இருக்காது. காற்று எங்கோ வெளியே போய்க்கொண்டிருக்கும். மீதியில் டர்போ நல்லதாகவே இருக்கும், ஆனால் அந்த எஞ்சினுக்கும் அந்தச் சாலைக்கும் பொருந்தாத அளவில் இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், பணம் விழுங்கும் காரணத்தைக் கடைசியில். வரிசையைத் தாண்ட வேண்டாம்.

கையில் வேண்டியவை: பூஸ்ட் மீட்டர், லாக் (ஓடும்போதைய அளவுகளின் பதிவு) எடுக்கக்கூடிய ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி), சோப்புத் தண்ணீர், டார்ச், அழுத்தம் குறைத்து வைக்க முடிகிற ஏர் கம்ப்ரசர், ஆக்சுவேட்டரைச் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கம்பியை நகர்த்தும் டப்பா) சோதிக்க மீட்டர் வைத்த கைப்பம்பு.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். மணலி, எண்ணூர் வழியாகக் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னாலேயே ஓடுகிற வண்டிக்குக் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் கணக்கு செல்லாது, அதில் பாதியிலேயே ஃபில்டர் கறுத்துவிடும். பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டிய கூம்பு ஃபில்டர் என்றால் தூசியோடு எஞ்சின் சூட்டையும் சேர்த்து இழுக்கும். அப்புறம் ஸ்கேனரில் இருக்கும் பிழைக் குறியீடுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் அழிக்காதீர்கள்.

அறிகுறி 1: கீழே இழுக்கவே இல்லை, 3,500 ஆர்பிஎம்முக்கு மேல்தான் வருகிறது

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். நன்றாக ஓடிய வண்டி திடீரென்று இப்படி ஆனதா? அல்லது டர்போ மாற்றிய நாளிலிருந்தே இப்படியா?

திடீரென்று ஆனது என்றால்

காற்றுக் கசிவு. வேறெதையும் யோசிப்பதற்கு முன் இதைப் பாருங்கள். டர்போவின் காற்று நுழையும் வாயில் இருக்கும் ஹோஸைக் கழற்றி, அதில் பொருந்தும் பிவிசி மூடி ஒன்றில் டயர் வால்வு பதித்து, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். எஞ்சின் ஆஃபில் இருக்க வேண்டும். ஏர் கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏற்றி 0.7 பாரில் நிறுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். காற்று ஏற்றும் முன்பே எஞ்சின் மூச்சுக் குழாயைக் கழற்றி, அது டர்போ ஹோஸில் சேரும் துளையை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் காற்று கிராங்க்கேஸுக்குள் (எஞ்சினின் அடிப்பெட்டி) போய் ஆயில் சீல்களைத் தள்ளும்.

இப்போது ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம் பெரும்பாலும் கண்ணில் படாத இடமாகத்தான் இருக்கும். ஒரு டி-ஜெட்டில் ஹோஸ் முழுக்கப் புதுசு, கிளாம்ப் புதுசு, கையால் அசைத்தால் கல் மாதிரி இருந்தது. காற்று 0.5 பாரைத் தாண்டிய பிறகுதான் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) வாயில் கிளாம்ப்புக்கு அடியில் ஒரு நகக்கீறல் அளவுப் பிளவு விரிந்து குமிழி தள்ளியது. அழுத்தம் இறங்கினால் பிளவு மூடிக்கொள்ளும். எஞ்சின் சும்மா ஓடும்போது எவ்வளவு தேடினாலும் இது கிடைக்காது.

இன்டர்கூலரின் பிளாஸ்டிக் முனைகள், திராட்டில் பாடி வாய், ப்ளோ-ஆஃப் வால்வின் (கால் எடுத்ததும் மிஞ்சும் காற்றை விடும் வால்வு) டயாஃப்ரம், ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ் ஆகியவற்றையும் விடாதீர்கள்.

உள்ளே போகும் காற்றில் கசிவு இல்லையென்றால் வெளியே போகும் பக்கம் பாருங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவில் கேஸ்கெட் போயிருந்தால் அங்கே கரி படிந்திருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று சத்தம் கேட்டு, சூடானதும் குறையும். அந்தப் புகைதான் டர்பைனைச் சுற்ற வேண்டியது, அது வழியிலேயே போய்விடுகிறது.

அடுத்தது வேஸ்ட்கேட் (மிஞ்சும் புகையை டர்பைனுக்குப் போகாமல் விலக்கும் கதவு) முழுதாக மூடாமை. ஆக்சுவேட்டர் கம்பியை அது மாட்டியிருக்கும் முளையிலிருந்து எடுத்துவிட்டு, வேஸ்ட்கேட் தட்டைக் கையால் மூடிப் பிடியுங்கள். கம்பியின் துளை முளைக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிற்க வேண்டும், இழுத்துத்தான் மாட்ட முடிய வேண்டும். இழுக்காமலே உட்கார்ந்தால் பிடிப்பு போதாது, எக்ஸாஸ்ட் அழுத்தமே தட்டைத் திறந்துவிடும். டீசலில் விஜிடி டர்போ (டர்பைனைச் சுற்றி நகரும் இறக்கைகள் உள்ளது) என்றால் கைப்பம்பால் வெற்றிடம் கொடுத்துக் கம்பி முழு தூரம் தடையில்லாமல் போய் வருகிறதா என்று பாருங்கள். நடுவில் நின்றால் உள்ளே இறக்கைகளில் கரி. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய வேலை அது, ஸ்ப்ரே அடித்துத் தீராது.

டர்போ மாற்றிய நாளிலிருந்தே என்றால்

கசிவுச் சோதனையைச் செய்துவிட்டே இங்கே வாருங்கள். அதில் தேறியிருந்தால் அளவுப் பொருத்தம்தான் பிரச்சினை. கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு 10 குதிரைத்திறனுக்கும் நிமிடத்துக்குச் சுமார் ஒரு பவுண்டு காற்று வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 200 குதிரைத்திறன் குறி என்றால் 20 முதல் 22 பவுண்டு. டர்போ வாங்கும்போது எல்லோரும் இந்த ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கீழ்முனை எண்ணை. 1.4 லிட்டர் எஞ்சின் 2,500 ஆர்பிஎம்மில், ஒரு பார் பூஸ்டில் விழுங்கும் காற்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 பவுண்டுதான். கடல்மட்டத்தில் ஒரு பார் பூஸ்ட் என்றால் அழுத்த விகிதம் (வெளிக்காற்றைப்போல் எத்தனை மடங்கு) சுமார் 2. கம்ப்ரசர் மேப்பில் (அந்த டர்போவின் காற்றளவு, அழுத்த விகித வரைபடம்) 7 பவுண்டும் 2-ம் சந்திக்கும் புள்ளியில் பென்சிலால் குறி வையுங்கள். அது இடப்பக்கச் சர்ஜ் (காற்று திரும்பி அடிப்பது) கோட்டுக்கு வெளியே விழுந்தால் அந்த டர்போவிடம் அந்த ஆர்பிஎம்மில் அந்தப் பூஸ்டைக் கேட்கவே கூடாது.

அதே எஞ்சின் அதே பூஸ்டில் 6,000 ஆர்பிஎம் போனாலும் 17, 18 பவுண்டைத் தாண்டாது. 200 வேண்டுமென்றால் ஒன்றரை பார் பக்கம் போக வேண்டும். அதற்கு எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டர், எரிபொருள் பம்ப், இன்டர்கூலர், கிளட்ச் எல்லாமே மாற வேண்டும். "டர்போ மட்டும் மாத்துங்க, 200 வந்துரும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு நாளில் உங்கள் வண்டி எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் ஓடுகிறது என்று யோசியுங்கள். வியாசர்பாடியிலிருந்து பேசின் பாலம் தாண்டி பாரிமுனை போகிறவருக்கு 1,500 முதல் 3,000 வரைதான் வாழ்க்கை. 4,000-க்கு மேல் விழிக்கும் டர்போ அவருக்கு எதற்கு? செங்குன்றம் தாண்டி நெடுஞ்சாலையிலும், இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் ஓட்டுகிறவருக்குக் கதை வேறு. இரண்டு பேருக்கும் ஒரே டர்போவை விற்கிற கடைக்காரரிடம் கவனமாக இருங்கள்.

பொருந்தாத டர்போ ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது என்றால் முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முதலில் பூஸ்ட் ஏறும் விதத்தை டியூனில் திருத்துங்கள். அடுத்து டர்பைன் ஹவுசிங்கை மட்டும் சின்ன ஏ/ஆர் எண்ணுக்கு (புகை செல்லும் வழியின் அளவைக் குறிப்பது) மாற்றலாம். 0.86 போட்டிருந்தால் 0.64-க்கு இறங்குங்கள், உள்ளே சுழலும் பகுதி அப்படியே இருக்கட்டும். டர்போ எழும் நேரம் கண்கூடாக முன்னால் வரும், உச்சியில் கொஞ்சம் இழக்க நேரிடும். நகர வண்டிக்கு அது லாபமான பேரம். இதற்கும் வழிக்கு வரவில்லையென்றால்தான் சின்ன டர்போ.

அறிகுறி 2: ச்சு-ச்சு-ச்சு என்று படபடக்கும் சத்தம்

எப்போது வருகிறது என்பதுதான் எல்லாம்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது வந்தால் ப்ளோ-ஆஃப் வால்வைப் பாருங்கள். டயாஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் வண்டிக்கு மீறிய கடினமாக இருக்கும், அல்லது வெற்றிட ஹோஸ் கழன்றிருக்கும். மலிவான வேலை. சத்தத்துக்காக வெளிக்காற்றில் விடும் வால்வு போட்டவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: உங்கள் வண்டியில் மாஸ் ஏர் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) இருந்தால், அது எண்ணிய காற்று வெளியே போய்விடும், கலவையில் பெட்ரோல் கூடி கியர் மாற்றும்போது வண்டி திக்கும். பழையபடி உள்ளே திருப்பி விடும் வால்வே அதற்குச் சரி.

கால் அழுத்தியபடி, கீழ் ஆர்பிஎம்மில், சுமையில் இழுக்கும்போது வந்தால் அது உண்மையான சர்ஜ். லாக்கில் பூஸ்ட் கோடு பல்லுப் பல்லாக ஏறி இறங்கும். மூலக்கடை மேம்பாலத்தில் நாலு பேரோடு நாலாவது கியரில் ஏறும்போது இப்படிக் கேட்டால் உடனே கியரைக் குறைத்து, ஆர்பிஎம்மை மேலே கொண்டுபோங்கள். சர்ஜில் ஓட்டிக்கொண்டே இருந்தால் டர்போவின் த்ரஸ்ட் பேரிங்கில்தான் (தண்டு முன்பின் நகராமல் தாங்குவது) அடி விழும்.

தீர்வு, செலவு வரிசைப்படி: 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே பூஸ்ட் இலக்கைக் குறைப்பது, வாயைச் சுற்றிக் காற்றுத் துளை விட்ட கம்ப்ரசர் கவர் அந்த மாடலுக்குக் கிடைத்தால் மாற்றுவது, கடைசியாகச் சின்ன கம்ப்ரசர். முதல் வேலையையே டியூனரிடம்தான் செய்ய வேண்டும். கைக்குக் கிடைக்கும் ரெடிமேட் ஃபைலை ஏற்றி இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

அறிகுறி 3: முதலில் இழுக்கிறது, 5,000-க்கு மேல் செத்துவிடுகிறது

இது அறிகுறி 1-க்கு நேர்மாறு. ஃபில்டர் அடைப்பு, உறிஞ்சும் ஹோஸ் உள்வாங்கி மடிவது, இன்டர்கூலர் முகத்தில் பாலித்தீன் பை ஒட்டியிருப்பது என்று சும்மா பார்த்தாலே தெரிகிற காரணங்களை முதலில் கழியுங்கள். எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

அப்புறம் காற்றுச் சூட்டை லாக் எடுங்கள். இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று வெளிக்காற்றைவிட 20 டிகிரிக்குள் கூடுதலாக இருந்தால் நல்லது. 30-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் இன்டர்கூலர் போதாது, அல்லது டர்போ தன் சக்திக்கு மீறிச் சுழல்கிறது. கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால் எஞ்சினுக்குள் போவது 70-க்கு மேல். பொங்கல் நேரத்தில் டியூன் செய்த வண்டி மே மாதத்தில் தளர்ந்து போவதற்கு இதுதான் காரணம். சென்னையில் டியூன் கோடையை நினைத்துத்தான் செய்யப்பட வேண்டும்.

இன்டர்கூலர் நல்லதாக இருந்தும் பூஸ்ட் உச்சியில் தானாக இறங்கினால், கம்பெனி கொடுத்த சின்ன டர்போவை அளவுக்கு மீறி விரட்டுகிறீர்கள் என்று அர்த்தம். மேப்பின் வலது ஓரத்துக்குப் போய்விட்டது. இங்கே பூஸ்டை ஏற்றினால் சூடுதான் ஏறும், சக்தி ஏறாது. பெரிய டர்போவுக்கு நியாயமான காரணம் இருக்கும் அறிகுறி இது ஒன்றுதான்.

அறிகுறி 4: பூஸ்ட் சொன்னதைத் தாண்டி ஏறுகிறது

கால் எடுங்கள். காரணம் தெரியும் வரை அழுத்தி ஓட்ட வேண்டாம்.

ஆக்சுவேட்டர் ஹோஸ் கழன்றிருக்கிறதா, விரிசலா என்று பாருங்கள். சரியாக இருந்தால் பூஸ்ட் கன்ட்ரோல் சோலனாய்டை (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) விலக்கிவிட்டு, டர்போவில் காற்று வெளியேறும் கம்ப்ரசர் வாயிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நேரடியாக ஹோஸ் கொடுங்கள். இப்போது ஸ்பிரிங் அழுத்தம் மட்டுமே வர வேண்டும். 0.6 பார் ஸ்பிரிங் என்றால் 0.6 பக்கம் நிற்க வேண்டும்.

நின்றால் சோலனாய்டு அல்லது டியூன். நிற்காமல் ஆர்பிஎம்மோடு சேர்ந்து மெல்ல ஏறிக்கொண்டே போனால் வேஸ்ட்கேட் துளை போதவில்லை. ஃப்ரீ-ஃப்ளோ எக்ஸாஸ்ட் போட்ட பிறகு இது வருவது சகஜம், டவுன்பைப்பில் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) தட்டு இடித்து முழுதாகத் திறக்க முடியாமல் இருப்பதும் உண்டு. துளையைப் பெரிதாக்குவதோ, வெளி வேஸ்ட்கேட் வைப்பதோ லேத்தும் வெல்டிங்கும் கைவந்தவர் வேலை. வார்ப்பிரும்பில் தப்பாகக் கை வைத்தால் ஹவுசிங் விரிசல் விடும்.

பூஸ்ட் ஏறும் நேரத்தில் எஞ்சின் வெட்டென்று அறுந்து மீண்டும் பிடித்தால் அது ஈசியூவின் (எஞ்சின் கணினி) பாதுகாப்பு வெட்டு. மேப் சென்சாரின் (பூஸ்ட் அழுத்தத்தை அளப்பது, கம்ப்ரசர் மேப் வேறு) எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். சென்சாரை ஏமாற்றும் பெட்டிகளை மாட்டாதீர்கள்.

அறிகுறி 5: புகை

நீலப் புகை. "டர்போ சீல் போச்சு" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். டர்போவை ரீகண்டிஷன் செய்து மாட்டுவார்கள், மறு வாரமே மீண்டும் புகை. ஏனென்றால் ஆயில் திரும்பும் குழாயை யாரும் பார்க்கவில்லை. டர்போவிலிருந்து ஆயில் தன் எடையில்தான் கீழே இறங்குகிறது. குழாய் செங்குத்துக்கு 35 டிகிரிக்குள் சாய்ந்திருக்க வேண்டும், மடிப்போ மேடோ இருக்கக் கூடாது, உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, சம்ப்பில் (எஞ்சினின் ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். கேஸ்கெட் பேஸ்டை அள்ளிப் பூசியிருந்தால் அது உள்ளே பிதுங்கிப் பாதி வழியை அடைத்திருக்கும், கழற்றிப் பாருங்கள்.

அடுத்து பிசிவி (கிராங்க்கேஸ் ஆவியை வெளியேற்றும் வால்வு). கிராங்க்கேஸில் அழுத்தம் தங்கினால் ஆயில் இறங்காது. பால் பேரிங் டர்போ என்றால் ஆயில் வரும் வாயில் சுமார் ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ஜர்னல் பேரிங் டர்போவுக்கு அதைப் போட்டுவிடாதீர்கள், பேரிங் பட்டினி கிடந்து கருகும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் டர்போவின் மேல் சந்தேகம். எஞ்சின் ஆறிய பிறகு கம்ப்ரசர் நட்டைப் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னுமாகக் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். உடைந்த துண்டு எஞ்சினுக்குள் போனால் செலவு பல மடங்கு.

கறுப்புப் புகை. பெட்ரோல் வண்டியில் காற்றுக் கசிவு, மறுபடி அறிகுறி 1. டீசலில் டர்போ தரும் காற்றுக்கு மீறி டீசல் ஊற்றும் டியூன். அதைப் பெருமையாக நினைக்கிறவர்கள் உண்டு. டர்பைனுக்கு முன்னால் சூடு 750 டிகிரியைத் தாண்டி நின்றால் பிஸ்டனும் டர்பைனும் தாங்காது.

வெள்ளைப் புகை, இனிப்பு வாடை. கூலன்ட் எரிகிறது. ஓட்டாமல் வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.

அறிகுறி 6: பூஸ்டில் திக்குகிறது, அல்லது கடகடவென்று தட்டுகிறது

திக்கினால் பிளக் இடைவெளி. பூஸ்ட் ஏற்றிய எஞ்சினுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் போதும். அப்புறம் காயில்.

தட்டினால் (எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் நாக்கிங்) அங்கேயே நிறுத்துங்கள். எந்தப் பெட்ரோலுக்கு டியூன் செய்தார்கள், எதை ஊற்றினீர்கள்? 100 ஆக்டேனுக்கு (எளிதில் தட்டாத பெட்ரோல்) டியூன் செய்துவிட்டு வழியில் கிடைத்த பங்கில் சாதாரணத்தை நிரப்பினால் தட்டத்தான் செய்யும். இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) எத்தனால் இல்லாத பெட்ரோலைவிட ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். பழைய டியூனில் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜெக்டர் இங்கேதான் முடியாமல் போகும். லாக்கில் இன்ஜெக்டர் டூட்டி (அது திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) 85 சதவீதத்தைத் தாண்டினால் அது சின்னது. 200 குதிரைத்திறனுக்கு நாலு சிலிண்டர் எஞ்சினில், போர்ட் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 400 சிசி அளவில் இருக்க வேண்டும்.

இந்த அறிகுறிக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. பிஸ்டன் ரிங் விளிம்பு உடைவதற்கு ஒரு நீண்ட இழுவை போதும்.

டர்போவையே மாற்ற வேண்டும் என்று முடிவானால்

புதுப்பேட்டையில் பழைய டர்போ வாங்குகிறவர்கள் வெளிப்பக்கப் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். மணல் அடித்துத் துடைத்தால் எதுவும் புதுசுதான். கம்ப்ரசர் இறக்கைகளின் நுனியை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மின்னினால் சுவரில் உரசியிருக்கிறது. முன்விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் ஃபில்டர் இல்லாமல் தூசி தின்றது. டர்பைன் ஹவுசிங்குக்குள் வேஸ்ட்கேட் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா பாருங்கள். பெயர்த் தகட்டில் பார்ட் எண் இல்லையென்றால் அதற்குக் கம்ப்ரசர் மேப்பும் கிடைக்காது. மேப் இல்லாத டர்போவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் மாட்டச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. வண்டியைப் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இது எழும். பணம் போடுவதற்கு முன் தெரிந்து போடுங்கள்.

டியூனரிடம் போகும்போது

வெறும் புகாரோடு போகாமல் ஒரு லாக்கோடு போங்கள். மூன்றாவது கியர், 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழு அழுத்தம், ரெட்லைனுக்குக் கொஞ்சம் முன்பு வரை. ஆர்பிஎம், கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், காற்றுச் சூடு, லாம்டா (காற்று-எரிபொருள் விகிதம்), இக்னிஷன் பின்வாங்கல் (தட்டலைத் தவிர்க்க ஈசியூ தீப்பொறியைத் தாமதிப்பது), இன்ஜெக்டர் டூட்டி ஆகிய ஏழும் அதில் இருக்கட்டும். இதை டைனோவில் (நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் உருளை மேடை) எடுங்கள், சாலையில் வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலை இரவு 2 மணிக்கும் காலியாக இருக்காது, விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் டிரெய்லர் கிட்டே போன பிறகுதான் தெரியும். லாக்கோடு ஏர் ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள், எந்தப் பங்கில் என்ன பெட்ரோல், கசிவுச் சோதனையில் எத்தனை பார் வரை நின்றது என்பதையும் எழுதிக் கொடுங்கள். கசிவுச் சோதனை முடிந்ததா என்று கேட்காமலே டியூனைத் திறக்கிறவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.